மாத்திரை அட்டையைப் படிப்பது யார்?

வாசகர்களே, இக்கட்டுரையைத் தொடர்ந்து படிக்கும் முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்து உண்ணும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய மாத்திரை அட்டை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரவு எட்டு மணிக்குக் கூடத்தில் எரியும் விளக்கின் கீழ் நின்று, அதன் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் யாரை நோக்கிப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

புத்தகங்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் மதிப்புரை எழுதுவது நம் வழக்கம். ஒரு நூலை வாழ்நாளில் ஒரு முறை படிப்போம். மாத்திரை அட்டையையோ முதியவர் ஒருவர் நாள்தோறும் மூன்று வேளை கையில் எடுக்கிறார். அதைத் தவறாகப் படித்தால் விளைவு கதை புரியாமற் போவதோடு நிற்பதில்லை. ஆகவே அதையும் ஓர் அச்சுப் பிரதியாக எண்ணி மதிப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமே.

அட்டையில் என்ன இருக்கிறது? மருந்தின் பொதுப்பெயர், வணிகப்பெயர், ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ள மருந்தின் அளவு, தயாரித்த நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை. இவற்றுள் பெரும்பாலானவற்றை 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. உரிம எண் மருந்து ஆய்வாளருக்கு உரியது. தொகுதி எண், கெட்டுப்போன சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டிய அதிகாரிக்கு உதவுவது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை கடைக்காரருக்கு. வெப்பம் 30 பாகைக்கு மேற்படாமல் வைக்கவும் என்பது கிடங்குக்காரருக்கு. இவை எல்லாம் தேவையானவை. போலி மருந்தைப் பிடிப்பதற்கு இவை உதவுகின்றன. ஆனால் மாத்திரையை விழுங்கப் போகிறவருக்கென்று உள்ள வரி எது? தேடிப் பார்த்தால் பல அட்டைகளில் ஒன்றே ஒன்று அகப்படும்: 'அளவு: மருத்துவர் கூறியபடி.' அதுவும் ஆங்கிலத்தில், எல்லா வரிகளிலும் சிறிய எழுத்தில்.

முதியவர் மருந்தை மாற்றி உண்டுவிட்டால் வீட்டில் உடனே சொல்லப்படும் காரணம் 'மறதி' என்பதே. 'வயசாச்சு, ஞாபகம் இல்லை' என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். பத்திரிகைகளில் வரும் அறிவுரைகளும் இதே வழியில்தான் செல்கின்றன: அலாரம் வையுங்கள், நாட்காட்டியில் குறியுங்கள், பேரனை நினைவூட்டச் சொல்லுங்கள். மறதி ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் படிக்கவே முடியாத ஒன்றை ஒருவர் எப்படி நினைவில் வைப்பார் என்று யாரும் கேட்பதில்லை. என் கருத்தில் இக்குற்றத்தில் பெரும்பங்கு அட்டையைச் சேரும். இது வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடாதிருக்க, பௌதிகத்தின் துணையை நாடுவோம்.

எழுத்தும் ஒளியும்

கண் டாக்டரிடம் சென்றவர்கள் 6/6 என்ற குறியை அறிவார்கள். குறையற்ற பார்வை என்பது இதன் பொருள். அத்தகைய கண், 5 கலை அளவுக் கோணம் தாங்கும் எழுத்தை அடையாளம் காணும். ஒரு பாகையில் 60 கலைகள். எனவே 5 கலை என்பது பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாம் படிக்கும் பொருளை ஏறக்குறைய 40 செ.மீ. தொலைவில் பிடிக்கிறோம். அத்தொலைவில் 5 கலைக் கோணம் தாங்கும் எழுத்தின் உயரம் 0.58 மி.மீ. மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

இனி முதியவரின் கண்ணுக்கு வருவோம். கண்ணாடி அணிந்த பின்னும் 6/18 பார்வை உள்ளவர்கள் ஏராளம். கண்புரை முற்றத் தொடங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. 6/18 என்றால் எழுத்து மூன்று மடங்கு பெரிதாக இருக்கவேண்டும். 0.58-ஐ மூன்றால் பெருக்கினால் சுமார் 1.75 மி.மீ. ஆனால் இது எழுத்தைச் சிரமப்பட்டு இனங்காணும் எல்லை மட்டுமே. களைப்பின்றிப் படிக்க அதைப்போல் இரு மடங்காவது, அதாவது 3.5 மி.மீ. வேண்டும். இப்போது அந்த அட்டையின் மேல் உங்கள் அளவுகோலை வையுங்கள். என் மேசையில் உள்ள அட்டையில் வணிகப்பெயர் 3 மி.மீ. உயரம் இருக்கிறது. மருந்தின் அளவைக் கூறும் வரி 1.2 மி.மீ. தான். பெயரைப் படித்துவிடலாம், அது 5 மில்லிகிராமா, 2.5 மில்லிகிராமா என்பதைப் படிக்க இயலாது. புள்ளி எங்கே நிற்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எழுத்தின் அளவோடு தொல்லை முடியவில்லை. 60 வயதான ஒருவரின் விழித்திரையை அடையும் ஒளி, அவருடைய 20 வயதில் அடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது, விழிவில்லை மங்குகிறது. இளைஞருக்குப் போதுமான விளக்கு வெளிச்சம் அவருக்கு அந்தி மாலைபோலத் தோன்றும். அந்த வில்லை வயதாக ஆக மஞ்சள் படிந்தும் போகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே பார்த்தால் நீல ஒளி தடைப்படும். எனவே கருநீல எழுத்தும் கறுப்பு எழுத்தும் ஒன்றாகத் தோன்றும். நீலமும் பச்சையும் குழம்பும். வெள்ளை மாத்திரைக்கும் வெளிர்மஞ்சள் மாத்திரைக்கும் வேற்றுமை தெரியாது. 'மஞ்சள் மாத்திரை காலையில், வெள்ளை மாத்திரை இரவில்' என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோமே, அது நம் கண்ணுக்குப் பொருந்தும் குறிப்பு. அவர் கண்ணுக்கு அல்ல.

இதற்கு மேல் அலுமினியம் வேறு. அலுமினியத் தகடு தன்மீது விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புகிறது. காகிதமும் ஒளியைத் திருப்புகிறது. ஆனால் எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. ஆகவே எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் காகிதம் வெண்மை. பளபளக்கும் தகடோ ஏறக்குறைய ஒரு கண்ணாடி. விளக்கின் பிம்பம் உங்கள் கண்ணில் விழும் கோணத்தில் பிடித்தால் கண் கூசும். வேறு கோணத்தில் பிடித்தால் தகடு இருண்டுபோய், இருண்ட எழுத்து அதில் மறைந்துவிடும். தொகுதி எண்ணையும் காலாவதியையும் பல அட்டைகளில் மையில்லாமல் ஓரத்தில் அழுத்திப் பதித்திருப்பார்கள். அவற்றை நிழலைக் கொண்டே படிக்கவேண்டும். நாம் அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதன் ரகசியம் இதுதான். நடுங்கும் கையை உடைய எண்பது வயதுக்காரர் இந்த வித்தையைச் செய்வது எங்ஙனம்?

தகட்டின் மேல் பளபளப்பற்ற வெள்ளைப் பூச்சு ஒன்றைக் கொடுத்து அச்சிட்டால் போதும், பாதித் தொல்லை தீரும். சில நிறுவனங்கள் அப்படிச் செய்தும் இருக்கின்றன. ஆகவே இது தொழில் நுணுக்கத்தால் முடியாத காரியம் அன்று.

அட்டையின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். நம் ஊரைப் போன்ற புழுக்கமான தேசத்தில் ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனி அறையில் ஈரம் புகாமல் அடைத்து வைப்பது சாமானியமான சாதனை அல்ல. ஒரு புட்டியைத் திறந்தால் அதிலுள்ள அத்தனை மாத்திரைகளும் காற்றைக் குடிக்கின்றன; அட்டையில் ஓர் அறையைக் கிழித்தால் மற்ற ஒன்பதும் பத்திரமாக இருக்கின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. காலியான அறை ஒரு சாட்சி. இன்று உண்டோமா இல்லையா என்ற ஐயம் வந்தால், எண்ணிப் பார்த்துத் தெளியலாம். புட்டியில் இது நடவாது.

ஆனால் நம் ஊர் வழக்கம் ஒன்று இந்த நன்மையை அழித்துவிடுகிறது. கையில் உள்ள பணத்திற்கு நான்கு மாத்திரையோ ஆறு மாத்திரையோ கேட்கிறோம். கடைக்காரர் கத்தரிக்கோலால் நறுக்கித் தருகிறார். பெயர் ஒரு துண்டில் நிற்கும். காலாவதி மாதம் மறு துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். மிச்சத் துண்டுகள் ஒரு டப்பாவில் சேர்ந்துகொண்டே போகும். எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் டப்பாவை அவர் அனுமதியோடு கொட்டிப் பார்த்தபோது பதினேழு துண்டுகள் இருந்தன. அவற்றுள் ஆறில் மருந்தின் முழுப்பெயரே இல்லை. அவர் மறதிக்காரர் அல்லர், ஓய்வுபெற்ற கணக்கர். ஐம்பது வருஷத்து வரவுசெலவை ஒப்பிப்பார். பெயரில்லாத துண்டை அவர் எந்த ஞாபகத்தைக் கொண்டு அறிவார்?

அட்டை சொல்லாமல் விட்டவை

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதும் வழக்கத்தை நான் மெச்சுகிறேன். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மொழி தெரியாதவருக்கும் விளங்கும். மருந்தின் பெயரைத் தெளிவாகவும், கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதவேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்கு விதித்ததும் நல்லதே. ஆயினும் சீட்டு ஓரிடம், அட்டை வேறிடம். சீட்டு பீரோவில் இருக்கும். மாத்திரை சமையலறை அலமாரியில் இருக்கும். வேளை வந்ததும் கையில் இருப்பது அட்டைதான்.

அதில் இல்லாத செய்திகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளை தவறினால் என்ன ஆகும்? கதிரியக்கத்தைப் படித்த மாணவர்களுக்கு அரை ஆயுட்காலம் என்ற கருத்து தெரியும். உடலில் சேர்ந்த மருந்தும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் குறைகிறது. ரத்த அழுத்தத்திற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபைனின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். 48 மணி என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை உண்டவர் செவ்வாய் காலை மறந்துவிட்டார். புதன் காலையிலும் திங்களன்று இருந்ததில் பாதி ரத்தத்தில் இருக்கும். இனி நடுக்குவாத நோய்க்குத் தரும் லெவோடோபாவைப் பாருங்கள். கார்பிடோபாவுடன் சேர்த்துக் கொடுக்கும்போதும் அதன் அரை ஆயுள் சுமார் ஒன்றரை மணி நேரமே. ஆறு மணி நேரத்தில் நான்கு அரை ஆயுட்காலங்கள் கடந்துவிடும். எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. இம்மருந்தை ஒரு வேளை தவறவிட்டவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் விறைத்துப்போகக் கூடும். ஒரு மருந்து சற்றுப் பொறுக்கும், மற்றொன்று பொறுக்காது. இரண்டு அட்டைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இந்த வேற்றுமையைப் பற்றி இரண்டுமே மௌனம். பொறுக்கும் மருந்து என்பதனால் அதை வேண்டுமென்றே விடலாம் என்றோ, விட்டதை மறுநாள் இரண்டாக உண்டு ஈடுசெய்யலாம் என்றோ கொள்ளவேண்டாம். அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். நான் சொல்வது, எதற்கு அதிகக் கவனம் வேண்டும் என்பதையாவது வீட்டார் அறிந்திருக்கவேண்டும் என்பதே.

இன்னொரு மௌனம் மாத்திரையை உடைப்பது பற்றியது. விழுங்க முடியாத முதியவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சாதாரண மாத்திரைக்குப் பாதகமில்லை. ஆனால் நிதானமாக மருந்தை வெளிவிடும்படி அமைத்த மாத்திரை ஒரு சிறு இயந்திரம். நிஃபெடிபைனில் ஒரு வகை உண்டு: மாத்திரையைச் சுற்றி நீரை மட்டும் உள்ளே விடும் சவ்வு, அதில் லேசர் கதிரால் இட்ட ஒரு நுண்துளை. குடலில் உள்ள நீர் சவ்வூடு பரவல் முறைப்படி உள்ளே புகுகிறது. உள்ளே இருக்கும் ஓர் அடுக்கு ஊறிப் பெருத்து, மருந்தைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் தள்ளுகிறது. வேலை முடிந்ததும் வெறுங்கூடு மலத்தோடு வெளியேறும். அதைக் கண்டு 'மாத்திரை கரையவே இல்லை' என்று அஞ்சுவோரும் உண்டு. இந்த இயந்திரத்தை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே சமயத்தில் ரத்தத்தில் கலக்கும். அழுத்தம் திடீரென வீழும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த திராட்சையை நீரிலிட்டுப் பார்த்த அதே சோதனைதான் இங்கே மருத்துவமாகியிருக்கிறது. ஆனால் 'உடைக்காதே' என்பதற்கு அட்டையின் மேல் இருக்கும் அடையாளம் வணிகப்பெயருக்குப் பின்னால் தொங்கும் ஆங்கில எழுத்துகள் இரண்டு. எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். எந்தப் பாட்டிக்கு இது விளங்கும்?

மூன்றாவது மௌனம் எல்லாவற்றிலும் கொடியது. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் தருகிறார்கள். மற்ற மருந்துகள் தினமும் உண்பவை ஆகையால், பழக்கத்தினால் இதையும் தினமும் உண்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதை ஆராய்ந்து, மாத்திரைகளைப் புட்டியில் விற்பதை நிறுத்தி அட்டையில் தரவேண்டும், உறையிலேயே கண்ணில் படும்படி எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று பரிந்துரைத்தது. நோயாளியின் ஞாபகசக்தியைக் கூட்ட வழி தேடாமல் உறையைத் திருத்தச் சொன்னார்கள் பாருங்கள். அதுதான் சரியான நோக்கு.

நம் நாட்டிலும் திருத்தங்கள் வராமல் இல்லை. 2018-இல் வந்த திருத்தம், சில வகை மருந்துகளுக்கு விலக்களித்து, பொதுப்பெயரை வணிகப்பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிடவேண்டும் என்றது. வரவேற்கத்தக்கதே. இம்மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் மற்றொரு கம்பெனி என்று மருந்து மாறும்போது, பெயர் வேறாக இருக்கிறதே என்று பழையதையும் புதியதையும் சேர்த்து உண்ணும் ஆபத்து நம் வீடுகளில் மிகுதி. பொதுப்பெயரைப் பார்க்கப் பழகினால் இது தடைப்படும். ஆனால் பொதுப்பெயரும் ஆங்கிலத்தில்தான். 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, அதிகம் விற்கும் 300 வணிகப்பெயர்களின் உறைகளில் கியூ.ஆர். குறியோ பட்டைக் குறியோ இருக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. கைப்பேசியைக் காட்டினால் விவரம் வரும் என்கிறார்கள். என்ன விவரம்? பொதுப்பெயர், வணிகப்பெயர், நிறுவனம், தொகுதி எண், தேதிகள், உரிம எண். அட்டையில் அச்சிட்டிருந்த அதே செய்திகள் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன! போலியைப் பிடிக்க உதவும். எப்போது, எப்படி உண்பது என்பதற்கு அங்கும் இடமில்லை.

பேசிய அட்டைகள்

அட்டையால் பேச முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். 1961-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்ற பொறியியலாளர் இருந்தார். நான்கு குழந்தைகளின் தந்தை. அவர் மனைவிக்குக் கருத்தடை மாத்திரை கொடுக்கப்பட்டது. அப்போது அது புட்டியில் வந்தது. இன்று உண்டாயிற்றா என்று கணவன் மனைவி இருவருக்குமே தினமும் சந்தேகம். வாக்னர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். ஒருநாள் ஏதோ விழுந்து எல்லாம் சிதறிவிட்டது. பின்பு அவர் பிளாஸ்டிக் தட்டுகளில் துளையிட்டு, கிழமையைக் காட்டும் வட்டமான பெட்டி ஒன்றைச் செய்தார். 1964-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கருத்தடை மாத்திரைகளின் நாள்காட்டி உறைகள் அதன் வழியில் உலகெங்கும் பரவின. நம் நாட்டு மாலா-டி அட்டையில் வெள்ளை மாத்திரை 21, பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை 7. இருபத்தெட்டு நாளும் ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லவேண்டும். அந்த ஏழில் கருத்தடை மருந்தே கிடையாது. பழக்கம் அறாமல் இருப்பதற்காகவும் அவை உதவுகின்றன. உண்பவரின் மனத்தைப் புரிந்துகொண்டு அமைத்த அட்டை என்றால் இதுதான்.

காசநோய் மருந்திலும் இந்தியா சிறப்பாகவே சிந்தித்தது. '99 டாட்ஸ்' என்ற முறையில் அட்டையைச் சுற்றி ஒரு தாளுறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால்தான் அதன் பின்னால் மறைந்துள்ள எண் வெளிப்படும். நோயாளி அதைக் கொண்டு கட்டணமில்லாத ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கிறார். இன்று மருந்து எடுத்தாயிற்று என்று சுகாதார நிலையம் அறிந்துகொள்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் இத்தனை சாமர்த்தியம்! மாத்திரை எடுக்கப்பட்டதற்கு அது சாட்சியே தவிர விழுங்கப்பட்டதற்கு அன்று என்று ஒரு குறை சொல்லலாம். ஆனாலும் அட்டைக்கும் மனிதருக்கும் இடையே ஒரு பேச்சு நடந்தது.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தவேண்டும் என்ற அவசரம் அரசுக்கு இருந்தது, அட்டை பேசிற்று. தொற்று பரவக்கூடாது என்ற அவசரம் இருந்தது. அட்டை மறுபடியும் பேசிற்று. தாத்தாவின் ரத்த அழுத்தம் யாரையும் தொற்றுவதில்லை. அது அவர் வீட்டு விவகாரமாக விடப்பட்டுவிட்டது. இளம்பெண்ணின் ஞாபகசக்தியையே நம்பாமல் நாள் குறித்துக் கொடுத்தவர்கள், எண்பது வயதுக்காரர் ஏழு மருந்துகளையும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது விந்தை அல்லவா?

வணிகர்கள் தாமாக இதைச் செய்வார்கள் என்று காத்திருப்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. நியூயார்க்கில் வடிவமைப்புக் கலை பயின்ற டெபோரா ஆட்லர் என்ற மாணவி, தன் பாட்டி தவறுதலாகத் தாத்தாவின் மருந்தை உண்டுவிட்டதைக் கண்டு, மருந்துப் புட்டியையே புதிதாக வடிவமைத்தார். தட்டையான முகத்தில் மருந்தின் பெயரும் உண்ணும் முறையும் பெரிய எழுத்தில். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம். அதை டார்கெட் என்ற அங்காடிக் குழுமம் 2005-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்திலும் அது வைக்கப்பட்டது. 2015 டிசம்பரில் அக்குழுமம் தன் மருந்துக் கடைகளை வேறொரு நிறுவனத்திற்கு விற்றது. அதன்பின் அப்புட்டி நின்று, பழைய உருளைப் புட்டியே திரும்பி வந்தது. கலைக்கூடத்தில் இடம் கிடைத்த பொருளுக்குக் கடை அலமாரியில் இடம் கிடைக்கவில்லை.

கடைகளில் இப்போது கிழமை குறித்த மாத்திரைப் பெட்டிகள் கிடைக்கின்றன. காலை, மதியம், இரவு என்று அறைகள் பிரித்தவை. வாக்னர் பெட்டியின் பேரப்பிள்ளைகள் எனலாம். நல்ல சாதனம், வாரத்தில் ஒரு நாள் நல்ல கண் உள்ளவர் ஒருவர் உட்கார்ந்து நிரப்பித் தந்தால் ஆறு நாள் கவலையில்லை. ஆனால் எல்லா மாத்திரைக்கும் அது ஏற்றதன்று. நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையில் உள்ள மருந்து எளிதில் ஆவியாகக் கூடியது. அதை அதன் கண்ணாடிப் புட்டியிலேயே மூடி வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தால் மாத்திரை இருக்கும், மருந்தின் வீரியம் குறைந்துவிடும். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துவிடும்; உண்ணும் வேளையில்தான் அதை அட்டையிலிருந்து எடுக்கவேண்டும். எவற்றைப் பெட்டியில் போடலாம் என்று மருந்தாளுநரிடம் கேட்பதே முறை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, ரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மருந்துகள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. மலைக்கிராமத்து மூதாட்டி ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவேண்டிய அவலத்தை இது குறைத்திருக்கிறது. இதில் நான் காணும் பெரிய வாய்ப்பு வேறொன்று. மருந்தைக் கொண்டுவரும் பெண், அந்த வீட்டின் திண்ணையில் உட்கார்கிறார். அட்டை பேசாததை அவர் பேசமுடியும். பழைய துண்டுகள் கிடக்கும் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்க்கமுடியும். அதற்கு வேண்டிய நேரத்தையும் பயிற்சியையும் அவருக்குக் கொடுத்தால், கொண்டுவரும் மாத்திரையின் பயன் இரட்டிப்பாகும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல், வீட்டில் உள்ள மருந்து அனைத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண் சொட்டு மருந்து, லேகியம், சளிக்கு வாங்கிய மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கால்வலி மாத்திரை, எதையும் ஒளிக்கவேண்டாம். சளி மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் அதே பாரசிட்டமால் இரண்டு பெயரில் ஒளிந்திருப்பது அப்போதுதான் வெளிப்படும். இனி வேண்டாதது எது என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். முதியவர்களுக்கு மருந்தைக் கூட்டுவது எளிது, குறைப்பதற்குத்தான் யாரேனும் கேட்கவேண்டியிருக்கிறது. கடையில் கூடியவரை முழு அட்டையாக வாங்குங்கள். முடியாதபோது பெயரும் காலாவதி மாதமும் உள்ள துண்டைக் கேளுங்கள், அல்லது அங்கேயே ஒரு காகித உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறகு, பட்டையான கறுப்பு மைப் பேனா ஒன்றும் வெள்ளை ஒட்டுத்தாளும் வாங்கி வாருங்கள். அட்டையின் ஓர் ஓரத்தில், அச்சிட்ட பெயரும் காலாவதியும் மறையாதபடி தாளை ஒட்டி, தமிழில் எழுதுங்கள்: 'பிரஷர். காலை. ஒன்று.' எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். எழுத்தறியாதவர் என்றால் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரையலாம். சோற்றுக்குப் பின் என்றால் ஒரு தட்டு. உடைக்கக்கூடாத மாத்திரைக்கு ஒரு உலக்கையைப் போட்டுக் குறுக்கே கோடிழுங்கள். எழுதியதை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், இரவு விளக்கில்.

இந்த வேலைக்கு அட்டையில் இடம் போதாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். என் மேசையில் உள்ள அட்டையின் பின்புறம் 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், ஆக 40 சதுர சென்டிமீட்டர். அதில் வணிகப்பெயர் ஐந்து இடங்களில் வருகிறது, நிறுவனத்தின் முகவரி மூன்று இடங்களில் வருகிறது. ஒரு சூரியனுக்கும் ஒரு பிறைக்கும் நான்கு சதுர சென்டிமீட்டர் போதும்.